மழைநீர் காட்டிக்கொடுத்த தேதி

காரின் முன்கண்ணாடியில் கேமராவைப் பொருத்தி, வழியெல்லாம் பதிவாவதை அப்படியே வெளியிடுகிறவர்கள் இன்று ஏராளம். மலைப்பாதை, மழைச்சாலை, நள்ளிரவு நகரம் என்று எதையும் விடுவதில்லை. நாள் முழுக்க ஓட்டிய தூரத்தைச் சில நிமிட டைம்லேப்ஸாகச் சுருக்கியும் போடுகிறார்கள். இந்தப் பரம்பரைக்கு ஒரு மூதாதை உண்டு. 1906-ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோவின் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் ஓடிய கேபிள் கார் ஒன்றின் முகப்பில் கேமராவை வைத்து எடுத்த 35 மி.மீ. கறுப்பு வெள்ளைச் சுருள் அது. ஓடும் நேரம் சுமார் 13 நிமிடம். பெயர், 'எ ட்ரிப் டவுன் மார்க்கெட் ஸ்ட்ரீட்'.

எடுத்தவர்கள் மைல்ஸ் சகோதரர்கள். படச்சுருள்களை வாங்கி அரங்குகளுக்கு வாடகைக்கு விடும் தொழிலை அமெரிக்காவில் தொடங்கிவைத்தவர்களில் இவர்களும் உண்டு. ஆகவே எந்தப் படம் ஓடும், எது ஓடாது என்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும். ஓடும் வண்டியின் முகப்பிலிருந்து எடுத்த காட்சிகளுக்கு அப்போது பெரிய கிராக்கி. கான்சாஸ் சிட்டியில் தீயணைப்புத் துறைத் தலைவராக இருந்த ஜார்ஜ் ஹேல் என்பவர், ரயில் பெட்டி வடிவத்திலேயே கொட்டகை அமைத்து, இருக்கைகளை ஆட்டி, சக்கரச் சத்தம் எழுப்பி, எதிரே திரையில் இத்தகைய படங்களை ஓட்டிக் காசு பார்த்துக்கொண்டிருந்தார். உட்கார்ந்த இடத்திலிருந்தே ஊர் சுற்றும் ஆசை அன்றே மக்களைப் பிடித்திருந்தது.

கேபிள் காரைத் தேர்ந்தெடுத்தது நல்ல முடிவு. அதற்கென்று எஞ்சின் கிடையாது. தெருவுக்கு அடியில் ஓயாமல் ஓடும் இரும்பு வடத்தை வண்டியின் கிடுக்கி பற்றிக்கொள்ளும். வடம் இழுக்கிற வேகத்தில் வண்டி போகும். அதிராத, சீரான நகர்வு அதனால் கிடைத்தது. கேமராவின் கைப்பிடியைச் சுற்றியவர் ஹாரி மைல்ஸ். ஒரு சுற்றுக்கு 8 படம், நொடிக்கு இரண்டு சுற்று என்பது அக்காலத்து வழக்கம். சீராகச் சுற்றினால் திரையில் நடை இயல்பாக இருக்கும். மெதுவாகச் சுற்றினால் குறைவான படங்களே பதிவாகும், திரையில் தெரு பறக்கும். இன்றைய டைம்லேப்ஸின் சூட்சுமம் முழுவதும் அந்தக் கைப்பிடியிலேயே இருந்தது.

எட்டாவது தெருவருகே தொடங்கி, தொலைவில் மங்கலாகத் தெரியும் ஃபெர்ரி பில்டிங் கோபுரத்தை நோக்கி வண்டி நகர்கிறது. சிக்னல் இல்லை, கோடு இல்லை, யார் எந்தப் பக்கம் போவது என்ற ஒழுங்கும் பெரிதாக இல்லை. குதிரை வண்டிகள் தண்டவாளத்தின் குறுக்கே நிதானமாகத் திரும்புகின்றன. சைக்கிள்காரர் ஒருவர் இரண்டு வண்டிகளுக்கு நடுவில் நுழைந்து வெளியேறுகிறார். நீண்ட பாவாடை அணிந்த பெண்கள் தெருவைக் கடக்கிறார்கள். தொப்பி போடாத ஆணைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். சிறுவர்கள் கேமராவைப் பார்த்துவிட்டு வண்டிக்கு முன்னால் ஓடுகிறார்கள், ஓடிக்கொண்டே திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்கள். நூறாண்டு கழித்துத் தம்மைப் பார்க்கப்போகிற யாரோ ஒருவரை அவர்கள் அப்படி நேருக்கு நேர் பார்ப்பது, எத்தனை முறை போட்டுப் பார்த்தாலும் எனக்கு நெஞ்சை அடைக்கும்.

கொஞ்சம் ஜோடனையும் இதில் உண்டு. மோட்டார் கார்கள் சான் பிரான்சிஸ்கோவில் அப்போது அபூர்வம். தெருவை ஆண்டது குதிரைதான். ஆனால் படத்தில் கார்கள் மிகுதியாக வருகின்றன. உற்றுப் பார்த்தால் ஒரே கார் இடப்பக்கம் போய், கேபிள் காரைச் சுற்றிவந்து, மறுபடியும் முன்னால் நுழைவது தெரியும். நவீன நகரம் என்ற தோற்றத்துக்காக வண்டிக்காரர்களிடம் சொல்லிவைத்துச் செய்த ஏற்பாடாகவே இருக்க வேண்டும். கார்களை ஏற்பாடு செய்தவர்களால் தெருவின் ஈரத்தை ஏற்பாடு செய்ய முடியவில்லை. தண்டவாளங்களுக்கு இடையே அங்கங்கே மழைநீர் தேங்கிக் கிடக்கிறது. இந்தத் தண்ணீரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வண்டி கோபுரத்தடியில் உள்ள திருப்புமேடையை அடைகிறது. படம் முடிகிறது.

1906 ஏப்ரல் 18, காலை 5.12 மணி. நிலம் நடுங்கியது. உடைந்த எரிவாயுக் குழாய்களில் பற்றிய தீயை அணைக்கத் தண்ணீர் இல்லை, தண்ணீர்க் குழாய்களும் உடைந்துவிட்டன. ஏறத்தாழ 28,000 கட்டடங்கள் அழிந்தன. இறந்தவர்கள் 3,000 பேர் வரை இருக்கலாம் என்கிறார்கள். மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் இருந்த மைல்ஸ் சகோதரர்களின் ஸ்டுடியோவும் போயிற்று. நைட்ரேட் ஃபிலிம் நெருப்பைப் பார்த்தால் வெடிமருந்தாகிவிடும். அங்கே இருந்திருந்தால் இந்தச் சுருளும் சாம்பல்தான். ஆனால் நெகட்டிவ் அதற்குள் ரயிலேறி நியூயார்க்கை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அங்கிருந்த அவர்களுடைய அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தார்கள். சரக்கை உரிய நேரத்தில் சந்தைக்கு அனுப்பிய வியாபார அவசரம் ஒரு நகரத்தின் முகத்தைக் காப்பாற்றியது.

உல்லாசப் பயணமாக எடுத்த படம், திரைக்கு வரும்போது இல்லாத ஊரின் படமாகிவிட்டது. பிறகு அரங்குகள் மாறின, ரசனை மாறியது. பிரதிகள் ஆவணக் காப்பகங்களுக்குள் போய்ச் சேர்ந்தன. அங்கே அதன் கதை திசை மாறியது. லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் குறிப்பில் எடுத்த காலம் 1905 செப்டம்பர் என்று பதிவாகி, அதுவே பல்லாண்டுகள் நிலைத்தது. நிலநடுக்கத்துக்கு ஏழு மாதம் முன்பு எடுத்த சாதாரணத் தெருக்காட்சி என்றே அதைப் பார்த்தார்கள்.

கலிபோர்னியாவின் நைல்ஸ் என்ற இடத்தில் உள்ள மௌனப்பட அருங்காட்சியகத்தைச் சேர்ந்த வரலாற்றாளர் டேவிட் கீன் அதை நம்பவில்லை. அவர் கண்ணை உறுத்தியது அந்த மழைநீர். பழைய செய்தித்தாள்களின் வானிலைக் குறிப்புகளைப் புரட்டினார். 1905 செப்டம்பரில் அங்கே மழையே இல்லை. மழை கொட்டியது 1906-இன் மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கத்தில். அடுத்து, படத்தில் ஓடும் ஒரு காரின் பதிவு எண்ணைப் படித்து, அரசின் பதிவேடுகளில் தேடினார். அந்தக் கார் பதிவானதே 1906 தொடக்கத்தில்தான். இப்படி நெருக்கிக்கொண்டே வந்ததில், நிலநடுக்கத்துக்குச் சில நாள்களே முன்பு எடுத்த படம் இது என்பது உறுதியாயிற்று. ஏப்ரல் 14, சனிக்கிழமை என்பதே இப்போது சொல்லப்படும் தேதி. கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி ஓடும் சிறுவர்களின் அந்த நகரத்துக்கு இன்னும் நான்கு நாள்தான் இருந்தது. 2010-இல் இந்தப் படம் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம்பெற்றது.

வண்டியின் முகப்பில் வைத்த கேமராவுக்குப் பொறுக்கி எடுக்கத் தெரியாது. எதிரே வருவதையெல்லாம் வாரிப் போட்டுக்கொள்ளும். எடுத்தவர் பெருமையாகக் காட்ட நினைத்த கார்களைவிட, அவர் கவனிக்காமலே விட்ட தண்ணீரும் எண் பலகையும் வரலாற்றுக்கு அதிகம் உதவின. 2013 பிப்ரவரியில் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் வானில் விண்கல் வெடித்தபோதும் இதுவே நடந்தது. விபத்து வழக்குக்காகக் கார்களில் வைத்திருந்த கேமராக்களில் அது தற்செயலாக விழுந்தது. பல இடத்துக் காட்சிகளை ஒப்பிட்டு அந்தக் கல் வந்த பாதையை விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள்.

அதனால்தான் 2020-இல் டெனிஸ் ஷிர்யாயேவ் என்பவர் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு வெளியிட்ட, மார்க்கெட் ஸ்ட்ரீட் படத்தின் புதிய வடிவத்தை முழு மனதோடு என்னால் வரவேற்க முடியவில்லை. நொடிக்கு 60 பிரேம், வண்ணம், பளிச்சென்ற தெளிவு. லட்சக்கணக்கானோரை இந்தத் தெருவுக்கு அழைத்துவந்தது அதுதான், அந்த நன்மையை மறுக்கவில்லை. ஆனால் நடுவில் சொருகிய பிரேம்கள் மென்பொருளின் ஊகம், வண்ணங்களும் ஊகம். தேங்கிய நீரை நிழலென்று நினைத்து அது நிரவிவிட்டால் யாருக்குத் தெரியும்? கீன் செய்த வேலையை அந்த வடிவத்தை மட்டும் வைத்துக்கொண்டு செய்ய முடியாது. இன்று கார்களில் ஓடும் கேமராக்களோ மெமரி கார்டு நிறைந்ததும் பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதுகின்றன. டைம்லேப்ஸாக்கி வெளியிட்டவுடன் மூலப் பதிவை அழித்துவிடுகிறவர்களும் நிறையப் பேர். சுருக்கியதில் எண் பலகையும் தெரியாது, மழையும் தெரியாது.

மைல்ஸ் சகோதரர்கள் நிலநடுக்கத்துக்குப் பிறகும் மார்க்கெட் ஸ்ட்ரீட்டைப் படம்பிடித்திருந்தார்கள். அந்தச் சுருள் தொலைந்துபோனதாகவே கருதப்பட்டது. சான் பிரான்சிஸ்கோவின் பழைய பொருள் சந்தை ஒன்றில் அதிலிருந்து சுமார் ஒன்பது நிமிடம் ஓடும் நைட்ரேட் சுருள் கிடைத்தது. கை மாறிக் கை மாறி அது கீனிடமே வந்துசேர, அவர் அதை டிஜிட்டலாக்கினார். 2018 ஏப்ரலில் நைல்ஸில் திரையிட்டார்கள். இரண்டு சுருள்களையும் அருகருகே ஓட்டினால், மார்க்கெட் ஸ்ட்ரீட்டின் இருபுறமும் எந்தக் கட்டடம் நின்றது, எது வெறும் சுவரானது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிடலாம். 245 அடி உயர ஃபெர்ரி பில்டிங் கோபுரம் இரண்டு காலத்தையும் தாண்டி இன்றும் அதே இடத்தில் நிற்கிறது.