பல்லாவரம் பொட்டலும் ஒரு காத்தாடி விமானமும்

தாம்பரத்துக்காரனுக்கு விமானச் சத்தம் கொசுச் சத்தம் மாதிரி. இருக்கும், ஆனா காதுல விழாது. விமானப்படையோட பயிற்றுநர் பள்ளி 1948ல அம்பாலாவில ஆரம்பிச்சு, 1954ல எங்க ஊருக்கு வந்துச்சு. விமானம் ஓட்டக் கத்துக் கொடுக்கிற வாத்தியார்களுக்கே கத்துக் கொடுக்கிற இடம். சின்ன வயசுல மொட்டை மாடியில வடாம் காயப்போடும்போது அம்மா நிமிர்ந்து கூடப் பார்க்க மாட்டாங்க.

அப்படிப்பட்ட வீட்டுல இருந்து 2024 அக்டோபர் 6 ஞாயித்துக்கிழமை, நானும் அப்பாவும் மெரினாவுக்கு விமான சாகசம் பார்க்கக் கிளம்பினோம். வாரம் பூரா ஆணி புடுங்கின களைப்பு எனக்கு. ஆனா அப்பாவுக்கு 68 வயசு, "ஒரு தடவையாவது பக்கத்துல பார்த்துடணும்டா"ன்னார். ரயில் பிளாட்ஃபாரத்துல கால் வைக்க இடமில்லை. ரெண்டு ரயிலை விட்டோம். மூணாவது வர்றதுக்குள்ள அப்பாவுக்கு வேர்த்துக் கொட்ட ஆரம்பிச்சுது. பேசாம ஒரு ஆட்டோ பிடிச்சு வீட்டுக்குத் திரும்பிட்டோம். மொட்டை மாடியில இருந்து பார்த்தா, தாம்பரம் தளத்துல இருந்து கிளம்பின விமானங்கள் எங்க தலைக்கு மேலயே போகுது. அண்ணன் பொண்ணு, நாலு வயசு, வாயைப் பிளந்துட்டு நிக்கிறா.

சாயங்காலம் டிவியில செய்தி. மெரினாவுக்குப் போன லட்சக்கணக்கான பேர்ல அஞ்சு பேர் வெயிலிலும் நெரிசலிலும் செத்துப் போயிட்டாங்க. அப்பா ரொம்ப நேரம் எதுவும் பேசலை. அப்புறம் சம்பந்தமே இல்லாம கேட்டார்: "ஏண்டா, நம்ம ஊர்ல முதமுதல்ல பிளேன் ஓட்டிக் காட்டினது யாரு?"

நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சவன், திருதிருன்னு முழிச்சேன். அந்த முழியில பிறந்தது தான் இந்தப் பதிவு.

பதில் மவுண்ட் ரோட்டுல இருக்கு மக்களே. ஜியாகோமோ டி'ஏஞ்சலிஸ், ஒரு ஹோட்டல்காரர். கார்சிகா தீவுல இருந்து வந்து மெட்ராஸ்ல கேக், மிட்டாய் வியாபாரம் பண்ணி, அப்புறம் சொந்தப் பேர்லயே பெரிய ஹோட்டல் நடத்தினவர். 1909 ஜூலை 25ல லூயி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயை விமானத்துல தாண்டினார். உலகமே வாயைப் பிளந்துச்சு. நம்ம ஹோட்டல்காரர் பிளந்த வாயை மூடிட்டு, பென்சிலை எடுத்து ஒரு விமானம் வரைஞ்சார்.

கட்டினது யாருங்கிறீங்க? சிம்சன் கம்பெனி. 1840ல இருந்து குதிரை வண்டி கட்டினவங்க. மரம், இரும்பு, துணி மூணையும் ஒண்ணு சேர்க்கிற கை அவங்க கை தான். யோசிச்சுப் பார்த்தா அன்னிக்கு விமானம்னா அந்த மூணும் ஒரு சின்ன இன்ஜினும் தான். வெள்ளோட்டம் பல்லாவரத்துல. 1910 மார்ச்ல தீவுத்திடல்ல ஜனங்க முன்னாடி ஓட்டிக் காட்டினார். இதைத் திரும்பத் திரும்ப எழுதி நமக்கு ஞாபகப்படுத்தினவர் 2019ல மறைஞ்ச எஸ். முத்தையா.

பொது அறிவுப் புத்தகத்துல என்ன இருக்கும்? 1911 பிப்ரவரி 18, அலகாபாத்ல இருந்து நைனிக்கு ஆன்ரி பெக்கே 6,500 கடிதங்களை விமானத்துல கொண்டு போனது. அதுவும் பெரிய விஷயம் தான், உலகத்தோட முதல் அதிகாரபூர்வ விமானத் தபால். ஆனா அதுக்கு 11 மாசம் முன்னாடியே நம்ம தீவுத்திடல்ல ஒரு ஹோட்டல்காரர் பறந்துட்டார். பல்லாவரத்துல எத்தனையோ தடவை பஸ் மாறியிருக்கேன். அவர் பேர்ல ஒரு பலகை என் கண்ணுல பட்டதில்லை.

இப்ப கொஞ்சம் அமெரிக்கா போயிட்டு வருவோம். சம்பந்தம் இருக்கு, ஓடிடாதீங்க :-)

அதே 1910, மே 29. கிளென் கர்ட்டிஸ் ஆல்பனியில இருந்து நியூயார்க்குக்குப் பறக்கிறார். பெட்ரோல் போட வழியில பூகீப்சிங்கிற ஊர்ல இறங்கினார். அதை வேடிக்கை பார்த்த கூட்டத்துல ஒரு நாலு வயசுப் பையன், ஜான் மில்லர். அன்னிக்கே முடிவு பண்ணிட்டானாம், விமானம் ஓட்டுறதுன்னு. வளர்ந்து மெக்கானிக்கல் இன்ஜினியர் ஆனார். 25 வயசுல அவர் வாங்கினது சாதா விமானம் இல்லை, ஆட்டோஜைரோ. பிட்கெய்ர்ன் கம்பெனியோட பி.சி.ஏ-2. விலை 15,000 டாலர்.

அது என்ன வஸ்து? பனை ஓலைக் காத்தாடி பிடிச்சுக்கிட்டு ஓடியிருக்கீங்களா? காத்தாடியை யாரும் சுத்திவிடலை, நீங்க ஓடுறதால வர்ற காத்துல தானே சுத்துது இல்லையா? ஆட்டோஜைரோ அதே தான். முன்னாடி புரொப்பெல்லர் வண்டியை இழுக்கும். தலைக்கு மேல இருக்கிற விசிறிக்குப் பறக்கும்போது இன்ஜின் கிடையாது, எதிர்க்காத்து கீழேயிருந்து பட்டுத் தானா சுத்தித் தூக்கும். ஹெலிகாப்டர் மாதிரி அந்தரத்துல நிக்க முடியாது. ஆனா இன்ஜின் நின்னாலும் விசிறி நிக்காது, மெதுவா இறங்கிடலாம். ஜேம்ஸ் பாண்ட் 1967 படத்துல ஓட்டுற குட்டி விமானம் இதோட பேரன்.

கண்டுபிடிச்சவர் ஸ்பெயின்காரர் ஹுவான் தெ லா சியர்வா. அவர் வடிவமைச்ச பெரிய விமானம் 1919ல வேகம் குறைஞ்சு விழுந்துச்சு. "வேகம் குறைஞ்சாலும் விழாத விமானம்" வேணும்னு உட்கார்ந்தார். முதல் மாதிரிகள் பக்கவாட்டுல சாஞ்சுது. ஏன்னா முன்னோக்கி வர்ற இறக்கைக்கு அதிகத் தூக்கு, பின்னோக்கிப் போறதுக்குக் குறைச்சல். இறக்கை மேலயும் கீழயும் அசையற மாதிரி அடியில ஒரு கீல் வெச்சார், கதவுக் கீல் மாதிரி. 1923 ஜனவரியில பறந்துடுச்சு. விதியைப் பாருங்க, 1936 டிசம்பர் 9ல லண்டன் குரோய்டன்ல, பனிமூட்டத்துல கிளம்பின சாதாரண பயணி விமானம் விழுந்து அவர் செத்துப் போனார்.

மில்லர் கதைக்கு வருவோம். 1931 மே மாசம் அவர் கிழக்குக் கடற்கரைப் பக்கத்துல இருந்து கிளம்பி, வழியில ஒமாஹா விமானக் காட்சியில கலந்துக்கிட்டு, மே 28ல சான்டியாகோ போய்ச் சேர்ந்தார். ஆட்டோஜைரோவில அமெரிக்காவைக் குறுக்கே கடந்த முதல் ஆள். பின்னாடியே அமேலியா ஏர்ஹார்ட், சூயிங்கம் கம்பெனி ஆதரவோட, விளம்பரத்தோட. ஜூன் 6ல ஓக்லண்ட் வந்து இறங்கினா, ஒன்பது நாள் முன்னாடியே ஒருத்தர் முடிச்சுட்டார். ஆனா இன்னிக்கு யார் பேர் நமக்குத் தெரியும்? ஏர்ஹார்ட் மேல எனக்குக் கோபம் இல்லை, அவங்க பெரிய ஆள். 'முதல்'ங்கிறதும் 'பிரபலம்'ங்கிறதும் வேற வேற பஸ்னு தான் சொல்ல வர்றேன்.

ஆனா டி'ஏஞ்சலிஸுக்கும் மில்லருக்கும் ஒரு வித்தியாசம். மில்லர் தொடர்ந்து செஞ்சார். 1939ல இருந்து ஒரு வருஷம் பிலடெல்பியா தபால் ஆபீஸ் மொட்டை மாடியில இருந்தே ஆட்டோஜைரோவில தபால் கொண்டு போனார். 2008ல, 102 வயசுல தான் மறைஞ்சார். ஆட்டோஜைரோவை ஹெலிகாப்டர் ஓரங்கட்டினாலும், சியர்வா வெச்ச கீல் ஹெலிகாப்டருக்குள்ள போய் வாழ்ந்துச்சு. தீவுத்திடல் விமானத்துக்கு அப்படி ஒரு வாரிசு கிடைக்கலை. டாட்டாவோட தபால் விமானம் கராச்சியில இருந்து பம்பாய், பெல்லாரி வழியா மெட்ராஸ் வந்தது 1932 அக்டோபர்ல.

இப்படி எழுதி முடிச்சு சோகமா இருந்தேன். அப்பா தான் திருத்தினார்: "குரோம்பேட்டையை விட்டுட்டியேடா."

உண்மை தான். பல்லாவரத்துக்கு அடுத்த ஸ்டேஷன். சி. ராஜம் 1949ல ஆரம்பிச்ச எம்.ஐ.டி. அங்க 1954ல ராமேஸ்வரத்துப் பையன் ஒருத்தர் படிக்க வந்தார். பறக்கிறதை நிறுத்தின ரெண்டு பழைய விமானங்களை அங்க காட்சிக்கு வெச்சிருந்தாங்க. மத்த பசங்க ஹாஸ்டலுக்குப் போன பிறகும் அதுங்க பக்கத்துலயே உட்கார்ந்திருப்பேன்னு அப்துல் கலாம் பின்னாடி எழுதினார். டி'ஏஞ்சலிஸுக்கும் அவருக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஆனா வேடிக்கை பார்க்கிறவங்கள்ல யாரோ ஒருத்தர் வேடிக்கையோட நிறுத்தறதில்லை. அதுக்காகத் தான் காட்சியே. அந்த அஞ்சு பேரும் வேடிக்கை பார்க்கத் தானே போனாங்க? பார்க்க வர்றவங்க பத்திரமா வீடு திரும்பணும்கிறது காட்சியோட ஒரு பாகம், கூடுதல் இணைப்பு இல்லை.

நேத்து அண்ணன் பொண்ணுக்குப் பனை ஓலையில காத்தாடி பண்ணிக் கொடுத்தேன். மாடியில ஓடினா, சுத்துச்சு. நின்னா, நின்னுச்சு. "ஏன் சித்தப்பா நின்னுடுச்சு?"ன்னா.

பதில் சொல்லலை. "நீயே திரும்ப ஓடிப் பாரு"ன்னேன். ஓடிட்டிருக்கா.