ஒரு பூட்டு, 146 உயிர்கள்

சாயங்காலம் வேலை முடிந்து கிளம்புகிறீர்கள். வாசலில் ஒருவர் மறிக்கிறார். ‘பையைத் திறந்து காட்டு’ என்கிறார். ஒருநாள், இரண்டுநாள் அல்ல. தினமும். சுருக்கென்று இருக்கும், இல்லையா?

1911-ல், நியூயார்க் நகரத்தின் டிரையாங்கிள் ஷர்ட்வெய்ஸ்ட் கம்பெனியில் தையல் வேலை பார்த்த பெண்களுக்கு இது பழகிப்போன விஷயம். ஷர்ட்வெய்ஸ்ட் என்றால் அந்தக் காலத்து அமெரிக்கப் பெண்கள் விரும்பி அணிந்த ஒருவகை பிளவுஸ். ஆஷ் பில்டிங் என்ற பத்து மாடிக் கட்டடத்தின் 8, 9, 10-வது மாடிகளில் கம்பெனி. சுமார் 500 பேருக்கு வேலை. பெரும்பாலும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் பிழைக்க வந்த யூத, இத்தாலியப் பெண்கள். பதினாலு வயசுப் பொண்ணுகூட அதில் உண்டு.

முதலாளிகள் இரண்டு பேர். மாக்ஸ் பிளாங்க், ஐசக் ஹாரிஸ். தைக்கிற பெண்கள் பிளவுஸைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவார்களோ என்று இவர்களுக்கு ஓயாத சந்தேகம். அதனால் வேலை முடிகிற நேரத்தில் எல்லோரும் கிரீன் தெருப் பக்கத்துப் படிக்கட்டு வழியாகத்தான் வெளியே போகவேண்டும். ஒவ்வொருத்தராக, பையைக் காட்டிவிட்டு.

இன்னொரு பக்கம், வாஷிங்டன் பிளேஸை ஒட்டியும் ஒரு படிக்கட்டு இருந்ததே, அந்தக் கதவு?

பூட்டு!

மார்ச் 25, சனிக்கிழமை. மாலை 4.40. இன்னும் ஐந்தே நிமிடம், மணி அடித்துவிடும். 8-வது மாடியில், துணி வெட்டும் மேஜைக்குக் கீழே குவிந்துகிடந்த வெட்டுத் துணிகளில் தீப்பற்றியது. யாரோ அணைக்காமல் போட்ட சிகரெட்டாக இருக்கலாம் என்றார்கள். மெல்லிய பருத்தித் துணி. கேட்கவா வேண்டும்?

8-வது மாடியில் இருந்தவர்கள் அலறியடித்துக்கொண்டு ஓடினார்கள். முதலாளிகள் இருந்த 10-வது மாடிக்கு டெலிபோனில் தகவல் போனது. அவர்கள் மொட்டைமாடிக்கு ஏறினார்கள். பக்கத்துக் கட்டடத்தில் படித்துக்கொண்டிருந்த நியூயார்க் பல்கலைக்கழக மாணவர்கள் ஏணி போட்டுக் கொடுத்தார்கள். முதலாளிகள் இருவரும் தப்பித்தாயிற்று.

நடுவில் இருந்த 9-வது மாடிக்கு? ம்ஹூம். யாரும் சொல்லவில்லை. தீயே நேரில் வந்து சொன்னபோதுதான் அவர்களுக்குத் தெரிந்தது.

கிரீன் தெருப் படிக்கட்டை நெருப்பு அடைத்துக்கொண்டது. வாஷிங்டன் பிளேஸ் கதவுக்கு ஓடினார்கள். இடித்தார்கள், இழுத்தார்கள். திறக்கவில்லை. லிஃப்ட் ஓட்டிய இளைஞர்கள் உயிரைப் பணயம் வைத்துத் திரும்பத் திரும்ப மேலே வந்து, முடிந்தவரை ஆட்களைக் காப்பாற்றினார்கள். பின்பக்கம் இருந்த இரும்பு ஏணி, கூட்டத்தின் பாரம் தாங்காமல் பிய்த்துக்கொண்டு விழுந்தது. தீயணைப்பு வண்டிகள் சீக்கிரமே வந்துவிட்டன. ஆனால் ஏணி 6-வது மாடி வரைக்கும்தான் எட்டியது! ஜன்னலில் நின்றவர்கள் ஒவ்வொருவராகக் குதிக்க ஆரம்பித்தார்கள். கீழே விரித்த வலைகள் கிழிந்துபோயின.

பதினெட்டே நிமிடம். எல்லாம் முடிந்துவிட்டது. 146 பேர் பலி. அதில் 123 பேர் பெண்கள்.

தீயைத் தாங்கும் கட்டடம் என்று ஆஷ் பில்டிங்குக்குப் பெயர். பொய் இல்லை. கட்டடம் அசையாமல் நின்றது. இன்றைக்கும் நிற்கிறது, பல்கலைக்கழகத்தின் சொத்தாக.

டிசம்பரில் வழக்கு நடந்தது. கதவு பூட்டியிருந்தது என்று பிழைத்தவர்கள் சாட்சி சொன்னார்கள். இடிபாட்டில் கிடைத்த பூட்டையே கோர்ட்டில் காட்டினார்கள். சரி, இப்படிப் பூட்டிப் பூட்டிக் காப்பாற்றினீர்களே, திருட்டுப் போனது எவ்வளவு என்று அரசு வக்கீல் கேட்டார். 25 டாலரைத் தாண்டாது என்று ஒப்புக்கொண்டார் ஹாரிஸ்.

ஆனால் நீதிபதி ஜூரிகளிடம் ஒரு விஷயத்தை அழுத்திச் சொன்னார். கதவு பூட்டியிருந்தால் மட்டும் போதாது. அந்த நேரத்தில் அது பூட்டியிருந்தது முதலாளிகளுக்குத் தெரியும் என்றும் நிரூபணமாக வேண்டும். இதை எப்படி நிரூபிப்பது? இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. ‘குற்றவாளிகள் இல்லை’ என்று தீர்ப்பு வந்துவிட்டது.

இன்னும் கேளுங்கள். நஷ்டத்துக்கு மேலேயே சுமார் 60,000 டாலர் முதலாளிகளுக்கு இன்ஷூரன்ஸில் கிடைத்தது. கணக்குப் போட்டால் செத்தவர் ஒருவருக்கு 400 டாலர் லாபம். வழக்குப் போட்ட குடும்பங்களுக்கு 1914-ல் கிடைத்த நஷ்டஈடு, உயிருக்கு 75 டாலர். இதற்கிடையே 1913-ல், தன்னுடைய இன்னொரு ஃபேக்டரியில் வேலை நேரத்தில் கதவைப் பூட்டி வைத்ததற்காக பிளாங்க் மறுபடி மாட்டினார். அபராதம்? 20 டாலர்!

அந்த இரண்டு பேர் மட்டும் கெட்டவர்கள் என்று விட்டுவிட முடியாது. காலமே அப்படி. அடிபட்ட தொழிலாளிதான், முதலாளி மேல் தப்பு என்று நிரூபிக்கவேண்டும். கூட வேலை பார்த்தவரின் கவனக்குறைவா? முதலாளி பொறுப்பில்லை. ஆபத்து தெரிந்தே வேலைக்கு வந்தாயா? அப்போதும் பொறுப்பில்லை. இதை மாற்றத்தான் நியூயார்க் மாநிலம் 1910-ல் ஒரு சட்டம் போட்டது. ஆபத்தான சில தொழில்களில், யார் தப்பு என்று பார்க்காமல் முதலாளி நஷ்டஈடு தரவேண்டும். தப்பே செய்யாதவரிடம் பணம் பிடுங்குவது சொத்துரிமைக்கு விரோதம் என்று சொல்லி, மாநிலத்தின் உச்ச மன்றம் அதைத் தூக்கிப் போட்டது. தேதி என்ன தெரியுமா? 1911, மார்ச் 24. தீ விபத்துக்கு முதல் நாள்!

குதித்தவர்களைக் கண்ணால் பார்த்த கூட்டத்தில் பிரான்சிஸ் பெர்கின்ஸ் என்ற பெண் இருந்தார். பக்கத்தில் ஒரு தோழி வீட்டில் டீ குடிக்க வந்தவர், சத்தம் கேட்டு ஓடி வந்திருந்தார். அந்தக் காட்சி அவரை விடவே இல்லை. அந்த வருடமே மாநில அரசு விசாரணைக் கமிஷன் அமைத்தது. பெர்கின்ஸ் அதோடு சேர்ந்து உழைத்தார். ஃபேக்டரி ஃபேக்டரியாக ஏறி இறங்கினார்கள். கதவு, படிக்கட்டு, தீயணைப்பு ஒத்திகை என்று முப்பதுக்கும் மேற்பட்ட சட்டங்கள் வந்தன. 1913-ல் மாநிலத்தின் அரசியல் சாசனத்தையே திருத்தி, 1914-ல் நஷ்டஈட்டுச் சட்டத்தை மறுபடி கொண்டுவந்தார்கள். 1933-ல் பெர்கின்ஸ் அமெரிக்காவின் தொழிலாளர் துறை அமைச்சர் ஆனார். அந்நாட்டு மத்திய அமைச்சரவையில் இடம்பிடித்த முதல் பெண்.

மாறியது ஒரே ஒரு கேள்விதான். ‘கதவு பூட்டியிருந்தது முதலாளிக்குத் தெரியுமா?’ என்று கேட்டார்கள் முன்பு. ‘தெரிந்து வைத்துக்கொள்வதுதானே முதலாளியின் வேலை?’ என்று கேட்க ஆரம்பித்தார்கள் பிறகு.

அத்தோடு பூட்டுகள் ஒழிந்தனவா? 2012 நவம்பரில், வங்கதேசத் தலைநகர் டாக்காவுக்கு அருகே, தஸ்ரீன் என்ற ஆடைத் தொழிற்சாலையில் தீப்பிடித்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அங்கேயும் கதவுகள் பூட்டிக் கிடந்தன. நூறு வருடம் கழித்தும் அதே தையல் மெஷின், அதே பூட்டு.

நாளைக்கு வேலைக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் மாடியில் இரண்டாவது வழி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அதில் பூட்டு தொங்கினால், சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். கொஞ்சம் சத்தமாகவே கேளுங்கள்.