உரோம நாணயத்தில் ஒரு பேரீச்சமரம்

நாணயம் கொள்வனவுக்குரிய கருவி என்பதே நாம் பள்ளியிற் கற்ற பாடம். உரோமப் பேரரசர்களோ அதனை ஆட்சிக் கருவியாகவும் கையாண்டனர். எழுத்தறியாத உழவனும் காசின் உருவத்தைக் காண்பான் அல்லவா? ஒரு பக்கத்தில் பேரரசனின் தலை. மறுபக்கத்தில் மக்கள் எதனை நம்பவேண்டுமென அவன் விரும்பினானோ அது. கி.பி. 68-69 உள்நாட்டுப் போரிலே படைகள் தலைவர்களை மாற்றிக்கொண்டிருந்த வேளையிற்றான் 'படைகளின் விசுவாசம்' என்ற வாசகம், இணைந்த இரு கரங்களின் உருவோடு, காசுகளில் வெளிவந்தது. இல்லாத சரக்குக்கே பறைசாற்றல் அதிகம் போலும்!

அப்போரின் முடிவில் அரியணை ஏறியவன் வெஸ்பேசியன். அவன் மகன் தீத்துஸ் 70இல் எருசலேமை அழித்தான். மறு ஆண்டு வெளிவந்த பெரிய பித்தளைக் காசுகளின் நடுவே ஒரு பேரீச்சமரம் நிற்கின்றது. அதனடியில் தலையைக் கையில் தாங்கித் துயருறும் ஒரு பெண். மறுபுறம் கைகள் பிணிக்கப்பட்ட கைதி, அல்லது ஈட்டியேந்திய பேரரசன். 'கைப்பற்றப்பட்ட யூதேயா' என்பது வாசகம். ஒரு மக்கட் கூட்டம் அழும் பெண்ணாகவும், அவர்தம் நிலம் ஒரு மரமாகவும் சுருக்கப்பட்டமையை நாம் கவனித்தல் வேண்டும்.

படம் இவ்வாறிருக்க, வரி வேறொரு வழியிற் சென்றது. யூத ஆடவர் தம் ஆலயத்துக்கு ஆண்டுதோறும் அளித்துவந்த காணிக்கை, உரோமின் யூப்பிட்டர் கோயிலுக்கான வரியாக்கப்பட்டது. ஆளுக்கு 2 தெனாரியஸ். பெண்களும் சிறுவர்களுங்கூட விலக்கப்படவில்லை. 96இல் ஆட்சிக்கு வந்த நேர்வா, 'யூத வரியின் பொய்க்குற்றச்சாட்டு நீக்கப்பட்டது' என்று காசு வெளியிட்டான். அதிலும் அதே பேரீச்சமரந்தான்; அழும் பெண்ணை மட்டும் காணோம். நீங்கியது வரியன்று, வரியின் பேரால் நிகழ்ந்த காட்டிக்கொடுப்பே.

132இல் யூதேயா மீண்டும் கிளர்ந்தெழுந்தது. கிளர்ச்சியாளர் தம் கையிலிருந்த உரோமக் காசுகளின் மேலேயே தமது அச்சைப் பதித்தனர். பேரரசனின் முகம் இருந்த இடத்தில் திராட்சைக்குலையும் யாழும் ஆலய முகப்பும் தோன்றின. செப்புக் காசுகளில் ஏழு கிளைகளோடு அதே பேரீச்சமரம் எழுந்து நின்றது, அதனடியில் அழுவார் எவருமின்றி. 'எருசலேமின் விடுதலைக்காக' என்றன பழைய எபிரேய எழுத்துகள். எனினும் சில காசுகளில், புதிய அச்சின் அடியே பேரரசனின் தலைக்கோடு இன்றும் மங்கலாகத் தெரிகின்றது.

1961இல் யூதேயப் பாலைக் குகையொன்றிற் கிடைத்த ஏடுகள் இன்னொன்றையும் கூறுகின்றன. ஏன்கேதியின் விளைநிலங்கள் கிளர்ச்சித் தலைவன் சிமோனின் பெயரிலேயே குத்தகைக்கு விடப்பட்டன. பயிரிட்டோர் குத்தகையை வெள்ளிக் காசாகவே செலுத்தினர்.