சும்மா ஒரு ஆபரேஷன்

முழங்கால் தேய்மானமா? 'துளை போட்டு, உள்ளே அலசிவிட்டால் வலி போயிடும்.' 1990-களில் அமெரிக்க டாக்டர்கள் பலர் இதைத்தான் சொன்னார்கள். வருஷத்துக்கு 6.5 லட்சம் ஆபரேஷன்களுக்கு மேல். ஒவ்வொன்றும் சுமார் 5,000 டாலர். பெருக்கிப் பாருங்கள், 325 கோடி டாலர்!

நிஜமாகவே பலன் இருக்கிறதா? சந்தேகப்பட்டவர் ப்ரூஸ் மோஸ்லி. ஹூஸ்டனில், முன்னாள் ராணுவத்தினருக்கான ஆஸ்பத்திரியின் எலும்பு டாக்டர்.

180 நோயாளிகள். 'உங்களுக்குப் பொய் ஆபரேஷனாகவும் இருக்கலாம்' என்று முன்கூட்டியே சொல்லி, எழுதி வாங்கிக்கொண்டார்கள். ஒரு பிரிவுக்கு மூட்டை அலசினார் மோஸ்லி. இன்னொரு பிரிவுக்கு அலசி, சுரண்டிச் சுத்தமும் செய்தார். மூன்றாவது பிரிவுக்கு? தோலில் மூன்று சின்னக் கீறல். அவ்வளவுதான்! அரை மயக்கத்தில் இருப்பவர் நம்பவேண்டுமே... அதற்காகத் தண்ணீரைச் சளப் சளப்பென்று தெளித்துச் சத்தம் வேறு!

இரண்டு வருஷம் கவனித்தார்கள். 2002-ல் முடிவு வெளியானது. மூன்று பிரிவிலும் வலி கிட்டத்தட்ட ஒரே அளவு. நிஜத்தால் பொய்யை ஜெயிக்க முடியவில்லை! 2008-ல் கனடா ஆய்வும் இதையே சொன்னது: பயிற்சி, மருந்தோடு நின்றவர்களைவிட, கூடுதலாக ஆபரேஷனும் செய்துகொண்டவர்கள் எந்த லாபமும் அடையவில்லை.

சரி, என்னதான் செய்வது? தொடைத் தசைக்குத் தினசரிப் பயிற்சி. அப்புறம், எடை. உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடியிலும் முழங்காலுக்கு நாலு கிலோ சுமை குறைகிறது என்கிறது 2005-ல் வந்த ஓர் ஆய்வு.

முற்றிலும் தேய்ந்த மூட்டையே மாற்றுவது வேறு விஷயம். ஆனால், யாராவது 'அலசிடலாம்' என்றால், 'அலசாவிட்டால் என்ன ஆகும் டாக்டர்?' என்று கேளுங்கள். மோஸ்லியும் அதைத்தான் கேட்டார்!