37ஆம் பிரிவின் மருமகள்கள்

1979 ஜனவரி 16 அன்று முகமது ரெசா ஷா பஹ்லவி தெஹ்ரானிலிருந்து விமானம் ஏறினார். திரும்பவே இல்லை. அவருடைய மூத்த மகன் ரெசா பஹ்லவி இன்றும் அமெரிக்காவில் இருக்கிறார். ஈரானில் ஒவ்வொரு முறை தெரு கொந்தளிக்கும்போதும் நாடு கடந்து வாழும் ஈரானியர்களிடையே பழைய வாதம் புதிதாகத் தொடங்கிவிடுகிறது. முடியாட்சி மீள வேண்டுமா, குடியரசா? ரெசா மன்னராக வர வேண்டுமா, இடைக்காலத்துக்கு மட்டும் தலைமை தாங்க வேண்டுமா? தான் மகுடத்தைத் தேடவில்லை, மக்கள் வாக்கெடுப்பில் முடிவு செய்யட்டும் என்பதே அவர் பல முறை சொல்லிவரும் பதில்.

இந்த வாதத்தில் அதிகம் பேசப்படாத ஒரு சட்டப்பிரிவு உண்டு. அரியணைக்கு யார் வரலாம், யார் வரக்கூடாது என்று சொல்லும் 37ஆம் பிரிவு. அது மன்னனைப் பற்றிச் சொல்வதைவிட மன்னனின் மனைவியைப் பற்றி அதிகம் சொல்கிறது. அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போன மூன்று பெண்களின் கதை இந்த ஒரு பிரிவைச் சுற்றித்தான் நடந்தது.

1906-07இல் ஈரானியர் போராடிப் பெற்ற அரசியல்சட்டம் காஜார் வம்ச மன்னர்களின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டியது. நாடாளுமன்றமான மஜ்லிஸ் பிறந்தது. அதே வேகத்தில் எழுதப்பட்ட தேர்தல் சட்டம் வாக்குரிமை அற்றோர் பட்டியலில் வெளிநாட்டவர், திவாலானவர், திருடர், கொலைகாரர் ஆகியோருடன் பெண்களையும் சேர்த்து வைத்தது. 1925இல் காஜார்களை அகற்றிவிட்டுப் படைத்தளபதி ரெசா கான் ஷா ஆனார். அந்த டிசம்பரில் அரசியல் நிர்ணய அவை கூடி 36, 37, 38 ஆகிய மூன்று பிரிவுகளைத் திருத்தியது. புதிய 37ஆம் பிரிவின் சாரம் இது: ஷாவின் மூத்த மகனே பட்டத்து இளவரசன், அவனுடைய தாய் ஈரானிய வம்சாவளியைச் சேர்ந்தவளாக இருக்க வேண்டும், மகன் இல்லாவிட்டால் மஜ்லிஸின் ஒப்புதலோடு ஷா ஒருவரை நியமிக்கலாம், ஆனால் அவர் காஜார் குடும்பத்தவராக இருக்கக்கூடாது.

காஜார்கள் மீண்டும் தலையெடுக்கக்கூடாது என்பதே நோக்கம். ஆனால் அந்தத் தடை விழுந்தது ரெசா ஷாவின் சொந்த வீட்டில்தான். அவருக்கு மனைவியர் பலர். அவர்களில் இருவர், துரான், எஸ்மத், காஜார் குடும்பத்துப் பெண்கள். அவர்கள் பெற்ற ஐந்து ஆண்மக்களும் தாய்வழி ரத்தத்தால் தகுதியிழந்தார்கள். ஆண்வழியே குலம் நடக்கிறது என்று நம்பும் ஒரு சட்டம், தடை போட வேண்டிய இடத்தில் மட்டும் தாய்வழியை நினைவில் வைத்துக்கொள்கிறது.

மிஞ்சியது தாஜ் உல்-முலூக் பெற்ற பிள்ளைகள். அவர்களில் மூத்தவள் ஷம்ஸ், பெண். அடுத்து 1919 அக்டோபர் 26இல் இரட்டையர்: முகமது ரெசா, சில மணி நேரம் கழித்து அஷ்ரஃப். அஷ்ரஃபின் அரசியல் துணிச்சல் தமையனிடம் இருந்ததில்லை என்று நண்பர்களும் எதிரிகளும் ஒருபோலச் சொல்வார்கள். அவர் நல்ல ஆட்சியாளராக இருந்திருப்பார் என்று நான் வாதாடவில்லை. அவர்மீதான ஊழல் புகார்கள் சிறியவை அல்ல. ஆனால் ஷம்ஸோ அஷ்ரஃபோ அரசாளலாமா என்ற கேள்வி சட்டத்தின் முன் ஒருமுறைகூட வைக்கப்படவில்லை.

முதல் மருமகள் ஃபௌஸியா. எகிப்து மன்னர் ஃபாரூக்கின் தங்கை. புதிதாக முளைத்த பஹ்லவி வம்சத்துக்கு ஒரு பழைய அரச குடும்பத்தின் சம்பந்தம் தேவைப்பட்டது. ஆனால் அவள் எகிப்தியப் பெண். அவள் பெறும் மகன் 37ஆம் பிரிவின்படி செல்லமாட்டான். என்ன செய்வது? 1938இல் மஜ்லிஸ் ஒரு விளக்கச் சட்டம் நிறைவேற்றி, ‘ஈரானிய வம்சாவளி’யை அவளுக்கு வழங்கிவிட்டது. வம்சாவளி என்றால் பிறப்பால் வருவது என்று நினைத்துக்கொண்டிருப்போம். அரசுக்குத் தேவை என்றால் அதைத் தீர்மானம் போட்டும் கொடுக்கலாம். 1939 மார்ச்சில் கெய்ரோவில் திருமணம். 1940 அக்டோபரில் குழந்தை பிறந்தது. பெண். ஷஹ்னாஸ் என்று பெயரிட்டார்கள்.

ஐந்து ஆண்டுகளில் ஃபௌஸியா எகிப்துக்குத் திரும்பிவிட்டார். 1948இல் ஈரானும் மணமுறிவை ஏற்றது. மகள் ஷஹ்னாஸ் தெஹ்ரானில் தங்க வேண்டியதாயிற்று. வாரிசாக உதவாத பிள்ளையும் தகப்பன் வீட்டுக்கே சொந்தம்.

இரண்டாம் மருமகள் சொராயாவின் கதைதான் வெளியுலகுக்கு அதிகம் தெரிந்தது. ஐரோப்பியப் பத்திரிகைகள் அவரைச் சோக ராணியாக்கி ஆண்டுக்கணக்கில் விற்றன. தந்தை பக்தியாரி இனக்குழுத் தலைவர் குடும்பம், தாய் ஜெர்மானியர். 1951இல் திருமணம். குழந்தை பிறக்கவில்லை. அதுவரை ஒரு மாற்று இருந்தது: ஷாவின் உடன்பிறந்த தம்பி அலி ரெசா. 1954 அக்டோபரில் அவர் விமான விபத்தில் இறந்தார். மற்றத் தம்பியர் ஐவரும் காஜார் தாய்களின் பிள்ளைகள். அன்றிலிருந்து ஒரு நாட்டின் அரசியல் எதிர்காலம் முழுவதும் இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தியின் வயிற்றில் வந்து நின்றது. மருத்துவர்கள், நாள் கணக்கு, மாமியார் வீட்டுப் பார்வை. இதில் அரண்மனைக்கும் நம் தெருவுக்கும் தூரம் அதிகமில்லை.

1958 மார்ச்சில் மணமுறிவு அறிவிக்கப்பட்டது. சட்டத்தைத் திருத்தியிருக்கலாமே என்று இன்றைய வாசகிக்குத் தோன்றும். வேண்டும்போதெல்லாம் திருத்தினார்கள்தான். 1949இல் மஜ்லிஸைக் கலைக்கும் அதிகாரம் ஷாவுக்கு வேண்டியிருந்தது. உடனே நிர்ணய அவை கூடியது. 1938இல் ஃபௌஸியாவின் ரத்தத்தையே மாற்றினார்கள். ‘மூத்த மகன்’ என்பதை ‘மூத்த பிள்ளை’ என்று மாற்றியிருந்தால் போதும், 1958இல் ஷஹ்னாஸ் பதினேழு வயது நிரம்பிய வாரிசு. அதற்கு யாரும் அவையைக் கூட்டவில்லை. ஒரு சொல்லை மாற்றுவதைவிட மனைவியை மாற்றுவது எளிதாக இருந்தது.

மூன்றாம் மருமகள் ஃபாரா தீபா, பாரிஸில் கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்தவர். 1959 டிசம்பரில் திருமணம். 1960 அக்டோபர் 31இல் மகன் ரெசா. 37ஆம் பிரிவு கேட்டதை அவர் பத்தே மாதங்களில் கொடுத்துவிட்டார்.

அதன்பிறகு நடந்தது கொஞ்சம் சிக்கலானது, அதை எளிமைப்படுத்தக்கூடாது. 1967 செப்டம்பரில் மீண்டும் நிர்ணய அவை கூடியது. மகனுக்கு இருபது வயது ஆகும் முன் ஷா இறந்தால், வேறு ஒருவரை அவர் நியமித்திராவிட்டால், தாயான ஷாபானு ஆட்சிப் பொறுப்பாளராக இருப்பார் என்று சட்டம் திருத்தப்பட்டது. அடுத்த மாதம் முடிசூட்டு விழாவில் ஷா தன் தலையில் தானே மகுடம் வைத்துக்கொண்டு, முன்னே முழந்தாளிட்டிருந்த ஃபாராவுக்கும் ஒரு மகுடம் சூட்டினார். முடியாட்சியை ஆதரிப்போர் இன்றும் காட்டும் படம் அது. ஒரு பெண் நாட்டை ஆளலாம் என்று ஈரானியச் சட்டம் ஒப்புக்கொண்டது சிறிய செய்தி அல்ல.

ஆனால் திருத்தத்தை முழுவதும் படிக்க வேண்டும். அவரைச் சுற்றி ஓர் ஆலோசனைக் குழு இருக்கும். அவர் மறுமணம் செய்தால் அது பதவி விலகலாகவே கொள்ளப்படும். அதாவது அவர் ஆள்வது ஃபாராவாக அல்ல, இன்னாரின் விதவையாக, இன்னாரின் தாயாக. மூத்த மகன் என்ற சொல் அப்போதும் மாறவில்லை. ஃபாராவுக்கு அதற்குள் ஒரு மகளும் பிறந்திருந்தாள். ஆறு ஆண்டுகள் கழித்து இத்தாலியப் பத்திரிகையாளர் ஒரியானா ஃபல்லாச்சியிடம், பெண்கள் ஒரு மைக்கலாஞ்சலோவையோ பாஹையோ தந்ததில்லை, பெரிய சமையல் கலைஞரைக்கூடத் தந்ததில்லை என்று பேசியவர் இதே ஷாதான்.

1979 ஜனவரியில் நெருக்கடி முற்றி அவர் வெளியேறியபோது, தனக்குப் பதிலாக ஒன்பது பேர் கொண்ட ஆட்சிக்குழுவை நியமித்தார். ஒன்பது பேரும் ஆண்கள். குழுவின் தலைவர் சில நாட்களில் பாரிஸுக்குப் போய், கொமேனியைச் சந்திப்பதற்காகப் பதவியைத் துறந்தார். 1980 ஜூலை 27இல் ஷா கெய்ரோவில் இறந்தார். மகனுக்கு இருபது வயது நிரம்ப மூன்று மாதம் பாக்கி. 1967இன் திருத்தம் அப்போதுதான் நடைமுறைக்கு வந்தது: நாடில்லாத, படையில்லாத, அந்நிய நகரத்து மாளிகை ஒன்றில் ஃபாரா மூன்று மாதம் ஆட்சிப் பொறுப்பாளர். அக்டோபர் 31 அன்று ரெசா தன்னை ஷாவாக அறிவித்துக்கொண்டார்.

மீட்சி வேண்டும் என்போர் பெண்களிடம் வைக்கும் முதன்மையான வாதம், உரிமைகளைத் தந்தது பஹ்லவிகள் என்பது. 1963இல் வாக்குரிமை கிடைத்தது. 1967இன் குடும்பப் பாதுகாப்புச் சட்டம் மணவிலக்கை நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தது, இரண்டாம் திருமணத்துக்கு நீதிமன்ற அனுமதியைக் கட்டாயமாக்கியது. 1968இல் ஃபரோக்ரூ பார்ஸா முதல் பெண் அமைச்சரானார். 1980 மே மாதம் இஸ்லாமியக் குடியரசு அவரைக் கொன்றது. இவை மெய். இவற்றை இழந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த ஈரானியப் பெண் பழைய படங்களை ஏக்கத்தோடு பார்த்தால், வெளியிலிருந்து அவளுக்குப் பாடம் எடுக்க எனக்கு உரிமை இல்லை.

ஆனால் தந்தது என்ற சொல்லில் நிறைய மறைகிறது. சித்தீகே தௌலதாபாதி இஸ்ஃபஹானிலிருந்து ‘ஸபானே ஸனான்’ என்ற பெண்கள் இதழை 1919இல் நடத்தியபோது பஹ்லவி என்றொரு வம்சமே இல்லை. மோஹ்தரம் எஸ்கந்தரி முதலானோர் 1920களில் கட்டிய தேசபக்தப் பெண்கள் சங்கத்தை மூடியது ரெசா ஷாவின் ஆட்சி. சங்கங்களை ஒடுக்கிய கையே 1936 ஜனவரியில் முக்காட்டை அகற்ற ஆணையிட்டது. தெருவில் காவலர்கள் பெண்களின் துணியைப் பறித்தார்கள். பல பெண்கள் வீட்டைவிட்டு வெளியே வருவதையே நிறுத்தினார்கள். மேலவை உறுப்பினரும் வழக்கறிஞருமான மெஹ்ரங்கீஸ் மனூச்செஹ்ரியான், மனைவி கடவுச்சீட்டு பெறக் கணவனின் அனுமதி வேண்டும் என்ற விதியை எதிர்த்துப் பதவி விலகினார். அந்த விதி இன்றும் இருக்கிறது. ஷாவும் நீக்கவில்லை, முல்லாக்களும் நீக்கவில்லை.

மேலிருந்து வந்த ஆணையை மேலிருந்தே ரத்து செய்யவும் முடியும் என்பதை 1979 பிப்ரவரி காட்டியது. புரட்சி வென்று இரண்டு வாரத்தில் கொமேனியின் அலுவலகம் குடும்பப் பாதுகாப்புச் சட்டத்தைச் செல்லாது என்றது. தாங்களே கட்டி நடத்திய, அரசுக்குக் கட்டுப்படாத அமைப்புகள் அதைக் காப்பாற்றப் பெண்கள் கையில் மிச்சமில்லை. இருந்தும் மார்ச் 8 அன்று ஆயிரக்கணக்கானோர் கட்டாய முக்காட்டை எதிர்த்துத் தெஹ்ரான் தெருவில் இறங்கினார்கள். அரசரிடம் திரும்பு என்று அவர்கள் கேட்கவில்லை.

2022 செப்டம்பரில் மாஷா ஜினா அமினி ஒழுக்கக் காவலரின் பிடியில் இறந்தபின், குர்தியப் பெண்களிடமிருந்து வந்த ‘பெண், வாழ்வு, விடுதலை’ முழக்கம் நாடெங்கும் கேட்டது. சில மாதங்களுக்குள் முடியாட்சி ஆதரவாளர்கள் சிலர் அதனருகில் இன்னொன்றைச் சேர்த்தார்கள்: ‘ஆண், தாய்நாடு, வளம்’. ஏன் ஒன்றை ஒட்ட வேண்டும் என்று பெண்கள் கேட்டபோது, ஒற்றுமைக்காக என்றார்கள். தெருவில் கேட்ட வேறொரு முழக்கமும் உண்டு: கொடுங்கோலன் ஷாவானாலும் தலைவனானாலும் ஒழிக என்பது.

வெளிநாட்டில் வாழும் அரச குடும்பங்கள் தங்கள் விதியைத் திருத்தியதே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1947இல் முடி துறக்க வைக்கப்பட்ட ருமேனிய மன்னர் மிஹாய்க்கு ஐந்தும் பெண்கள். பழைய சட்டம் ஆண்களை மட்டுமே ஏற்றது. 2007இல் அவர் குடும்ப விதிகளைப் புதிதாக எழுதி மூத்த மகள் மார்கரேட்டாவை வாரிசாக்கினார். முடியாட்சி மீளுமானால் அந்தப் பழைய சட்டத்தைக் கைவிடும்படி நாடாளுமன்றத்தைக் கேட்டுக்கொண்டார். எண்பத்தாறு வயதில், மகன் பிறக்கப்போவதில்லை என்பது உறுதியானபின் எழுதிய விதி என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ரெசா பஹ்லவிக்கு மூன்று மகள்கள். மகன் இல்லை. அவருடைய தம்பி அலி ரெசா 2011இல் இறந்தபின் பிறந்த ஒரே குழந்தையும் பெண். ஃபாராவின் பேரப்பிள்ளைகள் நால்வரும் பெண்கள். ஃபௌஸியாவுக்கு வம்சாவளியைத் தீர்மானமாக வழங்கிய, சொராயாவை வெளியே அனுப்பிய 37ஆம் பிரிவு, கடைசியாக அச்சிடப்பட்ட வடிவில் இன்னும் ‘மூத்த மகன்’ என்றுதான் சொல்கிறது. அதைப் புரட்டிப் பார்க்கும் முடியாட்சி ஆதரவாளர்கள் இப்போது இரண்டாகப் பிரிகிறார்கள்: முதல் மகளுக்கு உரிமை உண்டு என்போர் ஒருபுறம், ஆண்வழி ஒன்றுவிட்ட உறவினரைத் தேடுவோர் மறுபுறம். அந்த நான்கு பெண்களில் எவருக்கேனும் அரசாள விருப்பமா என்ற கேள்வி இரு தரப்பிலும் இன்னும் எழவில்லை.