பி. ஆர். ஸ்ரீஜேஷ்: கோல் காப்பாளரிலிருந்து தலைமைப் பயிற்சியாளர் வரை

பராட்டு ரவீந்திரன் ஸ்ரீஜேஷ் (பிறப்பு: 8 மே 1988) கேரளத்தைச் சேர்ந்த இந்திய ஹாக்கி வீரர், பயிற்சியாளர். 2006 முதல் 2024 வரை இந்திய ஆடவர் அணியின் கோல் காப்பாளராக விளையாடினார். டோக்கியோ, பாரிஸ் ஆகிய இரண்டு ஒலிம்பிக் போட்டிகளில் வெண்கலப் பதக்கம் வென்ற அணிகளில் இடம்பெற்றார். ஓய்வு பெற்றதும் 21 வயதுக்கு உட்பட்டோருக்கான இந்திய இளையோர் அணியின் தலைமைப் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றார். அவருடைய பயிற்சியில் அந்த அணி 2025 டிசம்பரில் சென்னையில் நடந்த இளையோர் உலகக் கோப்பையில் வெண்கலம் வென்றது.

கோல் காப்பாளராக இருந்தவர்கள் பிற்காலத்தில் கோல் காப்பாளர்களுக்கு மட்டும் பயிற்சி தருவது வழக்கமான ஒன்று. ஓர் அணி முழுவதையும் வழிநடத்தும் பொறுப்பு அவர்களைத் தேடி வருவது குறைவு. ஸ்ரீஜேஷுக்கு அந்தப் பொறுப்பு எப்படி வந்தது என்பதையும், அதற்கு அவரைத் தகுதியாக்கியவை எவை என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

கோல் காப்பாளரின் பணி

ஹாக்கியில் கோல் 3.66 மீட்டர் அகலமும் 2.14 மீட்டர் உயரமும் உடையது. ஏறத்தாழ 160 கிராம் எடையுள்ள கடினமான பந்து மிகுந்த வேகத்தில் வரும். அதைக் கால், கை, உடல் என எதைக் கொண்டும் தடுக்கும் உரிமை தன் வட்டத்துக்குள் நிற்கும் கோல் காப்பாளருக்கு மட்டுமே உண்டு. இதற்காக அவர் தலைக்கவசம், மார்புக் கவசம், கால் கவசம், கையுறை ஆகியவற்றை அணிகிறார்.

பெனால்டி கார்னரின்போது எதிரணியின் அடியைத் தடுக்கக் காப்பாளரும் நான்கு தடுப்பாட்டக்காரர்களும் மட்டுமே கோல் கோட்டுக்குப் பின்னால் நிற்பார்கள். மற்ற ஆறு பேரும் நடுக்கோட்டுக்கு அப்பால் சென்றுவிட வேண்டும். யார் முன்னே ஓடுவது, யார் எந்தக் கம்பத்தைக் காப்பது என்று காப்பாளர் சத்தமிட்டுச் சொல்லிக்கொண்டே இருப்பார். மைதானம் முழுவதையும் தன் கண்ணெதிரே பார்ப்பவரும் அவரே.

ஒரு முன்கள வீரர் பத்து வாய்ப்புகளைத் தவறவிட்டுப் பதினொன்றாவதில் கோல் அடித்தால் பாராட்டுப் பெறுவார். காப்பாளர் பத்துப் பந்துகளைத் தடுத்துப் பதினொன்றை விட்டால், அந்த ஒன்றுதான் பேசப்படும். 1982 தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் இந்தியா பாகிஸ்தானிடம் 7-1 என்று தோற்றபோது, பழி முழுவதும் காப்பாளர் மீர் ரஞ்சன் நேகியின் மீது விழுந்தது. பல ஆண்டுகள் கழித்து, 1998இல் ஆசியத் தங்கம் வென்ற அணிக்குக் கோல் காப்புப் பயிற்சியாளராக அவர் திரும்பி வந்தார். இந்தப் பின்னணியோடு பார்த்தால்தான் ஸ்ரீஜேஷின் வாழ்க்கை நன்கு விளங்கும்.

இளமையும் கல்வியும்

ஸ்ரீஜேஷ் எர்ணாகுளம் மாவட்டத்தின் கிழக்கம்பலம் என்னும் ஊரில் உழவர் குடும்பத்தில் பிறந்தார். தந்தை பி. வி. ரவீந்திரன், தாய் உஷா. சிறுவயதில் அவருக்கு ஹாக்கியோடு தொடர்பில்லை. முதலில் குறுந்தூர ஓட்டமும், பிறகு நீளம் தாண்டுதலும் கைப்பந்தும் பழகினார். கேரளத்தில் கால்பந்துக்கும் தடகளத்துக்கும் இருந்த செல்வாக்கு ஹாக்கிக்கு இருந்ததில்லை. எனினும், 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற இந்திய அணியின் கோல் காப்பாளர் மானுவல் பிரெடெரிக் கண்ணூரைச் சேர்ந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது.

பன்னிரண்டு வயதில் ஸ்ரீஜேஷ் திருவனந்தபுரத்தில் உள்ள ஜி. வி. ராஜா விளையாட்டுப் பள்ளியில் சேர்ந்தார். அங்கிருந்த பயிற்சியாளர்தான் அவரைக் கோல் காப்பாளராக நிற்கச் சொன்னார். அதுவே திருப்புமுனையாக அமைந்தது. ஆனால் காப்பாளருக்குரிய கவசத் தொகுதி விலை மிக்கது. அதை வாங்கித் தருவதற்காகத் தந்தை வீட்டுப் பசுவை விற்றார் என்பது இன்று பலரும் அறிந்த செய்தி. பின்னர் கொல்லம் ஸ்ரீ நாராயணா கல்லூரியில் வரலாற்றுப் பாடத்தில் இளங்கலைப் பட்டம் பெற்றார்.

காத்திருந்த ஆண்டுகள்

2004இல் இளையோர் அணிக்காக ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் விளையாடினார். 2006இல் கொழும்பில் நடந்த தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் மூத்தோர் அணியில் அறிமுகமானார். 2008இல் இளையோர் ஆசியக் கோப்பையை இந்தியா வென்றபோது சிறந்த கோல் காப்பாளர் விருது அவருக்குக் கிடைத்தது.

ஆயினும் மூத்தோர் அணியில் நிலையான இடம் உடனே கிடைக்கவில்லை. ஏட்ரியன் டிசூசா, பரத் சேத்ரி ஆகிய மூத்த காப்பாளர்கள் இருந்தார்கள். ஓர் அணியில் தடுப்பாட்டக்காரர் பலர் இருக்கலாம். கோலில் நிற்கும் இடம் ஒன்றுதான். முன்கள வீரரை ஆட்டத்தின் இடையே பலமுறை மாற்றுவார்கள். காப்பாளரை அப்படி மாற்றுவது அரிது. ஆகவே இரண்டாம் காப்பாளரின் வாழ்க்கை பெரும்பாலும் இருக்கையில்தான் கழியும். பயிற்சி முழுவதும் செய்துவிட்டு, ஆட்டத்தை வெளியிலிருந்து பார்க்கும் நிலை அது.

2011இல் சீனாவின் ஓர்டோஸ் நகரில் முதல் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பைப் போட்டி நடந்தது. பாகிஸ்தானுடனான இறுதி ஆட்டம் கோலின்றி முடிந்ததால் வெற்றியைப் பெனால்டி ஸ்ட்ரோக் தீர்மானித்தது. அதில் இரண்டு அடிகளைத் தடுத்து ஸ்ரீஜேஷ் அணியை வெல்ல வைத்தார். அணியில் அவர் இடம் உறுதியானது அதன் பிறகே.

தோல்வியும் எழுச்சியும்

அடுத்த ஆண்டே பெரிய அடி விழுந்தது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியா தான் ஆடிய ஆறு ஆட்டங்களிலும் தோற்று, பன்னிரண்டு அணிகளில் கடைசி இடம் பெற்றது. எட்டு ஒலிம்பிக் தங்கங்கள் வென்ற நாட்டுக்கு இது பெரும் தலைகுனிவாக இருந்தது. அந்த அணியில் சேத்ரி தலைவராகவும், ஸ்ரீஜேஷ் மற்றொரு காப்பாளராகவும் இருந்தார்கள்.

2013 ஆசியக் கோப்பையில் சிறந்த கோல் காப்பாளராகத் தேர்வானார். 2014இல் இஞ்சியோன் ஆசிய விளையாட்டுப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தானுடன் 1-1 என்று சமநிலை ஏற்பட, ஷூட் அவுட் நடந்தது. இம்முறையில் ஆட்டக்காரர் 23 மீட்டர் கோட்டிலிருந்து பந்தை உருட்டிவந்து எட்டு நொடிக்குள் கோல் அடிக்க வேண்டும். பெனால்டி ஸ்ட்ரோக்கில் காப்பாளர் கோட்டிலேயே நிற்க வேண்டும். ஷூட் அவுட்டில் அவர் முன்னேறி வந்து ஆட்டக்காரரை மறிக்கலாம். எனவே இதில் கைவேகத்தோடு கணிப்பும் வேண்டும். ஸ்ரீஜேஷ் இரண்டு முயற்சிகளைத் தடுத்தார். இந்தியா 4-2 என்று வென்று, பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு ஆசியத் தங்கம் பெற்றது. அதனால் 2016 ரியோ ஒலிம்பிக்குக்கும் நேரடியாகத் தகுதி பெற்றது.

2015இல் அர்ஜுனா விருது பெற்றார். 2016இல் அவர் தலைமையில் இந்தியா சாம்பியன்ஸ் டிராபியில் வெள்ளி வென்றது. ரியோ ஒலிம்பிக்கிலும் அவரே அணித்தலைவர். அங்கே காலிறுதியில் இந்தியா பெல்ஜியத்திடம் 3-1 என்று தோற்றது.

2017இல் பத்மஸ்ரீ விருது கிடைத்த அதே ஆண்டில், அஸ்லான் ஷா கோப்பைப் போட்டியில் அவருக்கு முழங்காலில் கடுமையான காயம் ஏற்பட்டது. பல மாதங்கள் விளையாட முடியவில்லை. விழுந்தும் எழுந்தும் கால் நீட்டியும் ஆட வேண்டிய காப்பாளருக்கு முழங்கால் காயம் வாழ்க்கைப் பிரச்சினை. அதிலிருந்து மீண்டு 2018இல் அணிக்குத் திரும்பினார். அவ்வாண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டு அரையிறுதியில் இந்தியா மலேசியாவிடம் ஷூட் அவுட்டில் தோற்றது. இஞ்சியோனில் தங்கம் தந்த அதே முறை இங்கே தங்கத்தைப் பறித்தது.

டோக்கியோவும் பாரிஸும்

1980இல் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் மாஸ்கோவில் தங்கம் வென்ற பிறகு, 41 ஆண்டுகள் இந்திய ஹாக்கிக்கு ஒலிம்பிக் பதக்கம் இல்லை. 5 ஆகஸ்ட் 2021 அன்று டோக்கியோவில் வெண்கலப் பதக்க ஆட்டத்தில் இந்தியா ஜெர்மனியை 5-4 என்று முந்தியிருந்தது. ஆட்டம் முடியச் சில நொடிகளே இருந்தபோது ஜெர்மனிக்குப் பெனால்டி கார்னர் கிடைத்தது. அதை ஸ்ரீஜேஷ் தடுத்தார். வெற்றிக்குப் பின் அவர் கோல் சட்டத்தின் மேல் ஏறி அமர்ந்த படம் நாடெங்கும் பரவியது. அவ்வாண்டு மேஜர் தியான் சந்த் கேல் ரத்னா விருது பெற்றார்.

பாரிஸ் ஒலிம்பிக்கே தம் கடைசிப் போட்டி என்று அவர் முன்கூட்டியே அறிவித்திருந்தார். 4 ஆகஸ்ட் 2024 அன்று பிரிட்டனுடனான காலிறுதியில் அமித் ரோஹிதாஸ் சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார். அப்போது ஆட்டத்தின் 17ஆவது நிமிடம்தான். மீதி நாற்பது நிமிடங்களுக்கும் மேலாக இந்தியா பத்துப் பேருடன் ஆடி 1-1 என்று தாக்குப்பிடித்தது. ஷூட் அவுட்டில் 4-2 என்று வென்றது. அரையிறுதியில் ஜெர்மனியிடம் தோற்றாலும், ஆகஸ்ட் 8 அன்று ஸ்பெயினை 2-1 என்று வென்று மீண்டும் வெண்கலம் பெற்றது. 1968, 1972 ஆகிய ஆண்டுகளுக்குப் பிறகு அடுத்தடுத்த ஒலிம்பிக்கில் இந்தியா ஹாக்கிப் பதக்கம் வென்றது இதுவே முதல் முறை.

336 சர்வதேச ஆட்டங்களோடு அவர் ஓய்வு பெற்றார். மூத்தோர் அணியில் அவர் அணிந்த 16ஆம் எண் சட்டைக்கும் ஹாக்கி இந்தியா ஓய்வளித்தது. 2025இல் பத்ம பூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

தலைமைப் பயிற்சியாளர்

பாரிஸ் பதக்கம் பெற்ற சில நாட்களிலேயே இளையோர் அணியின் பொறுப்பு அவருக்கு என்ற அறிவிப்பு வந்தது. விளையாடுவதற்கும் பயிற்சி தருவதற்கும் இடையில் இடைவெளியே இல்லை. மூத்தோர் அணியின் பயிற்சியாளருக்குத் தேர்ந்த ஆட்டக்காரர்கள் கிடைப்பார்கள். இளையோர் அணியில் இருப்பவர்களோ கல்லூரி வயதினர். அவர்களில் சிலரே பிற்காலத்தில் மூத்தோர் அணியை எட்டுவார்கள். ஆகவே அங்கே பயிற்சியாளர் பாதி ஆசிரியராகவும் இருக்க வேண்டியுள்ளது.

2024 அக்டோபரில் மலேசியாவில் நடந்த சுல்தான் ஆஃப் ஜோகூர் கோப்பை அவருடைய முதல் போட்டி. அதில் இந்தியா நியூசிலாந்தை ஷூட் அவுட்டில் வென்று வெண்கலம் பெற்றது. அவ்வாண்டு டிசம்பரில் மஸ்கட்டில் நடந்த இளையோர் ஆசியக் கோப்பை இறுதியில் பாகிஸ்தானை 5-3 என்று வென்றது. அரைஜீத் சிங் ஹுண்டால் நான்கு கோல்கள் அடித்தார். 2025 ஜோகூர் கோப்பையின் இறுதியில் ஆஸ்திரேலியாவிடம் 2-1 என்று தோற்று வெள்ளி கிடைத்தது.

சென்னை, மதுரை உலகக் கோப்பை

2025 நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை ஆடவர் இளையோர் உலகக் கோப்பை தமிழ்நாட்டில் நடந்தது. முதன்முறையாக 24 அணிகள் கலந்துகொண்டன. சென்னை எழும்பூரில் உள்ள மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கிலும், மதுரையில் புதிதாக அமைக்கப்பட்ட அரங்கிலும் ஆட்டங்கள் நடந்தன.

2001இலும் 2016இலும் இந்தியா இக்கோப்பையை வென்றிருந்தது. ஆனால் 2021, 2023 ஆகிய இரு போட்டிகளிலும் அரையிறுதியில் ஜெர்மனியிடம் தோற்று, பிறகு வெண்கல ஆட்டத்திலும் தோற்று நான்காம் இடமே பெற்றது. இந்த முறை பிரிவு ஆட்டங்களில் சிலி, ஓமன், சுவிட்சர்லாந்து அணிகளை எளிதாக வென்றது. காலிறுதியில் பெல்ஜியத்துடன் 2-2 என்று முடிய, ஷூட் அவுட்டில் 4-3 என்று கடந்தது. கோலில் நின்ற பிரின்ஸ்தீப் சிங்கின் தடுப்புகளே அந்த வெற்றிக்குக் காரணம்.

அரையிறுதியில் மீண்டும் ஜெர்மனி. இந்தியா 5-1 என்று தோற்றது. சொந்த மண்ணில், நிறைந்த அரங்கின் முன் கிடைத்த தோல்வி அது. மூன்றே நாட்களில் அதே இளைஞர்கள் அர்ஜென்டினாவுக்கு எதிராக வெண்கல ஆட்டத்தில் இறங்க வேண்டும். முந்தைய இரண்டு அணிகளும் சறுக்கிய இடம் அதுவே.

அந்த ஆட்டத்திலும் மூன்று கால் பகுதிகள் முடிந்தபோது இந்தியா 0-2 என்று பின்தங்கியிருந்தது. கடைசிக் கால் பகுதியில் நான்கு கோல்கள் அடித்து 4-2 என்று வென்றது. ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு இந்தியாவுக்குக் கிடைத்த இளையோர் உலகக் கோப்பைப் பதக்கம் அது. இறுதியில் ஸ்பெயினை ஷூட் அவுட்டில் வென்று ஜெர்மனி கோப்பையைத் தக்கவைத்தது.

மதிப்பீடு

ஸ்ரீஜேஷின் பயிற்சியில் இந்த அணி 2025 இறுதிவரை ஆடிய நான்கு முக்கியப் போட்டிகளிலும் பதக்கம் பெற்றது. அதேவேளை, ஜெர்மனியுடனான 5-1 தோல்வி ஐரோப்பிய அணிகளுக்கும் இந்திய இளையோருக்கும் உள்ள தொலைவையும் காட்டியது. இரண்டையும் சேர்த்தே அவர் பணியை மதிப்பிட வேண்டும்.

கோட்டுக்கு வெளியே நிற்கும் பயிற்சியாளரால் ஒரு பந்தையும் தடுக்க முடியாது. டோக்கியோவில் கடைசி நொடியில் ஆட்டத்தைக் காத்தவருக்குச் சென்னை அரையிறுதியில் அந்த வாய்ப்பு இல்லை. அவரால் செய்ய முடிந்தது, தோற்ற இளைஞர்களை மூன்று நாட்களில் மீண்டும் ஆடத் தயார்செய்வது மட்டுமே.

மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்கலாம். அவரை இந்தப் பணிக்குப் பழக்கியவை பதக்கங்கள் மட்டுமல்ல. இருக்கையில் கழிந்த ஐந்து ஆண்டுகள், லண்டனின் கடைசி இடம், முழங்கால் காயம், ஜகார்த்தா தோல்வி ஆகியவையும் அவருடைய கல்வியே. கோலை விட்ட பிறகு அடுத்த பந்துக்காக நிமிர்ந்து நிற்பது காப்பாளரின் முதல் பாடம். சென்னையில் 0-2 என்று பின்தங்கியிருந்த இளைஞர்கள் கடைசிப் பதினைந்து நிமிடங்களில் ஆடிக் காட்டியதும் அந்தப் பாடத்தைத்தான்.