மூடிய பெட்டியைத் திறந்தவர்கள்

1984 ஜனவரி 24 அன்று வெளிவந்த ஆப்பிளின் முதல் மேக்கின்டாஷை, மவுஸையும் சாளரங்களையும் சாதாரண மக்களிடம் கொண்டுசேர்த்த கணினி என்று வரலாறு கொண்டாடுகிறது. கொண்டாட்டம் தகும். ஆனால் 2,495 டாலர் கொடுத்து அதை வாங்கி, அன்றாடம் அதோடு மல்லுக்கட்டியவர்களுக்கு அந்த வரலாற்றில் இடம் கிடைப்பதில்லை. அடுத்த மூன்று ஆண்டுகளில் மேக்கின்டாஷ் எந்தத் திசையில் மாறியது என்று பார்த்தால், அவர்கள் கண்டுபிடித்த மாற்றுவழிகளே அதற்குப் பாதை போட்டன என்று சொல்லலாம்.

இருந்த நினைவகம் 128 கிலோபைட். அதிலும் ஏறத்தாழ 22 கிலோபைட்டைத் திரையே விழுங்கியது. ஒரே ஒரு ஃபிளாப்பி டிரைவ், அதில் 400 கிலோபைட் வட்டு. ஒரு வட்டை நகலெடுக்க வேண்டுமானால், நினைவகம் கொள்ளுமளவுக்குக் கொஞ்சம் படித்து, வட்டை மாற்றி எழுதி, மறுபடி பழையதைச் செருகி என்று பலமுறை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வட்டை வெளியே தள்ளுவதும் கணினியின் பொறுப்பு என்பதால், அது உறைந்துபோனால் நிமிர்த்திய ஜெம் கிளிப்பை முன்பக்கச் சிறு துளையில் நுழைப்பதே வழி. மென்பொருள் எழுதுவோர் மவுஸை நம்பியே ஆக வேண்டும் என்பதற்காக விசைப்பலகையில் அம்புக்குறி விசைகள் வைக்கப்படவில்லை. சத்தமே கூடாது என்று ஸ்டீவ் ஜாப்ஸ் பிடிவாதமாக இருந்ததால் மின்விசிறியும் இல்லை. சூடு உள்ளேயே தங்கி, நாளடைவில் மின்வழங்கிப் பலகையின் ஈயப்பற்றுகள் விரிசல் விட்டன. பெட்டியின் தலைமேல் வைக்கும் விசிறிகள் கடைகளுக்கு வந்தன. அட்டையால் புகைபோக்கி செய்து நிறுத்தியவர்களும் உண்டு.

எல்லாவற்றிலும் துணிச்சலானது நினைவகத்தைப் பெருக்கியதுதான். பெட்டியின் திருகாணிகள் நட்சத்திரத் தலை கொண்டவை. அவற்றில் இரண்டு, கைப்பிடிக் குழிக்குள் ஆழத்தில் இருந்தன. வாங்கியவர் திறக்கக் கூடாது என்பதே அதன் பொருள். ஆனால் பலகையை வடிவமைத்த பர்ரல் ஸ்மித், பெரிய சிப்கள் வரும் நாளை எண்ணி அதற்கு வழி விட்டு வைத்திருந்தார். 16 சிப்களைக் கழற்றி, நான்கு மடங்கு கொள்ளளவுள்ளவற்றைப் பற்றவைத்து, ஒரு சிறு மின்சுற்றையும் சேர்த்தால் 512 கிலோபைட் கிடைக்கும். அதை எப்படிச் செய்வது என்று ‘டாக்டர் டாப்ஸ் ஜர்னல்’ 1985 ஜனவரி இதழில் விளக்கியது. அதே ஆண்டு ஜெனரல் கம்ப்யூட்டர் நிறுவனம், செயலியோடு நேரடியாகக் கவ்வி இணையும் 10 மெகாபைட் வன்தட்டைப் பெட்டிக்குள் பொருத்தித் தந்தது, கூடவே ஒரு விசிறியோடு.

மூடிவைத்ததில் நியாயம் இருந்தது என்பார்கள். இருந்தது. எல்லா மேக்கின்டாஷும் ஒரே மாதிரி இருந்ததால், ஒன்றில் ஓடிய மென்பொருள் எல்லாவற்றிலும் ஓடியது. நினைவகச் சிப்கள் அன்று விலை அதிகம் என்பதும் உண்மை. ஆனால் இவை 128 கிலோபைட்டில் தொடங்கியதற்கான காரணங்கள். அங்கேயே பூட்டிவைத்ததற்கான காரணங்கள் அல்ல. வலுவான மறுப்பு வேறொன்று: 1985 செப்டம்பரில் ஜாப்ஸ் ஆப்பிளை விட்டு வெளியேறியதால்தான் எல்லாம் மாறியது, பயனர்களால் அல்ல என்பது. அவர் போனது கதவைத் திறந்தது என்பதை ஏற்கலாம். ஆனால் 512 கிலோபைட் மாதிரி அவர் இருந்தபோதே, 1984 செப்டம்பரில் வந்துவிட்டது. கதவு திறந்த பின் உள்ளே வந்தவை எவை என்றும் பார்க்க வேண்டும். 1986இன் மேக்கின்டாஷ் பிளஸ்ஸில் பற்றவைக்காமல் செருகக்கூடிய நினைவகம், வன்தட்டை இணைக்கும் ஸ்கஸி வாய், அம்புக்குறி விசைகள், 1987இன் மேக்கின்டாஷ் எஸ்.இ.யில் உள்வன்தட்டு, விரிவாக்க இடம், மின்விசிறி. இவற்றில் பல மக்கள் ஏற்கெனவே தாங்களே செய்துகொண்டவை.

மௌனம் வேண்டும் என்ற ஜாப்ஸின் விருப்பமும் வீண் பிடிவாதமல்ல. எஸ்.இ.யின் முதல் விசிறி இரைச்சலாக இருந்தது. வாங்கியவர்கள் அதைக் கழற்றி அமைதியான ஒன்றைப் பொருத்தினார்கள். பின்னர் ஆப்பிளும் விசிறியை மாற்றியது.